கேனாஸ் போட்ட சீட்டு

யோவன்னா சந்தேகம் பிடித்தவள். பால் தண்ணியாக இருந்தால் ஆட்டையே முறைப்பாள். அந்த யூதேய மலைக்கிராமத்தில் அவள் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எண்ணெய்ச் செக்குக்கு அடியில் ஊரே சேர்ந்து ஒளித்துவைத்த பார்லிக் குழியை ரோமச் சிப்பாய்கள் நேரே வந்து தோண்டிப்போன பிறகு, ஊரில் எல்லோரும் அவளைப் போலவே ஆகிவிட்டார்கள்.

அவளுக்கோ வீட்டுக்குள்ளேயே பயம். கிணற்றடியில் ஒரு சிப்பாயோடு கணவன் மெனாகேம் சிரித்துப் பேசியதைக் கண்ணால் பார்த்திருந்தாள். கேட்டதற்கு, "தண்ணி கேட்டான், ஊத்தினேன்" என்றான். சிரிப்பு எதற்கு என்று சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவன் அகப்பட்டால் கல்லெறிதான்.

ஓய்வுநாள் கழிந்ததும் ஊர்ப் பெரியவர் ஏலியாசீப் கேனாஸ் கதையை எடுத்தார். முன்னோர் காலத்தில், தலைவர் யோசுவாவுக்குப் பிறகு படை நடத்தியவர் கேனாஸ். தனியாளாக எதிரி முகாமில் புகுந்து வெட்டியதில் வாளே கையோடு ஒட்டிக்கொண்டதாம்.

"சண்டைக்குப் போறதுக்கு முன்னால அவர் என்ன செஞ்சார்? நம்மாளுங்களுக்குள்ளயே சீட்டுப் போட்டார். கள்ளன் பேரு தானா வெளிய வந்துச்சு. நாமளும் போடுவோம்."

வீட்டுக்கு ஒரு பேராகப் பானைச் சில்லுகளில் எழுதி யோவன்னாவின் ஜாடியில் போட்டார்கள். ஊர்வாசலுக்கு அதைச் சுமந்தவளும் அவள்தான். படிக்கத் தெரியாதவள், ஆனால் எண்ணெய்க் குடங்களில் மெனாகேம் தன் பேரை எழுதுவதைப் பார்த்து அந்த எழுத்து மட்டும் அவளுக்குப் பழக்கம். சந்துத் திருப்பத்தில் அந்தச் சில்லை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜாடியில் இல்லாத பேர் எப்படி வெளியே வரும்?

ஊர்வாசலில் ஏலியாசீப் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன மாத்தம். அவசரப்பட்டு ஒருத்தன் மேல பழி விழக்கூடாது பாருங்க. வர்ற பேரெல்லாம் சுத்தம். கடைசியா உள்ள தங்குறவன்தான் ஆளு."

மெனாகேம் பேர் இனி வெளியே வரவே வராது; யோவன்னா இடுப்புச் சில்லைக் கையால் மூடிக்கொண்டாள். ஒவ்வொருவராகப் பேர் வந்து, சில்லை வாங்கிக்கொண்டு, மூச்சு விட்டு ஒதுங்கினார்கள். கடைசியாகத் தங்கியது கழுதைக்காரன் சீமேயியின் பேர்.

"இருங்க, இருங்க" என்றான் சீமேயி. "மெனாகேம் பேரு இன்னும் வரவே இல்லையே. ஜாடியத் தூக்கிட்டு வந்தது யாரு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மறைக்க வழியில்லை, இடுப்பிலிருந்து சில்லை எடுத்து நீட்டினாள். மெனாகேம் கிட்டே வந்தான்.

"ஏன் எடுத்தே?"

"உங்களக் காப்பாத்தத்தான்."

"எதுலேர்ந்து?"

காப்பாத்த என்று அவள் சொன்னதே ஊருக்குப் போதுமாக இருந்தது, பெண்டாட்டிக்கே தெரிந்திருக்கிறதே. ஏலியாசீப் கெஞ்சியதால் கையில் எடுத்த கல்லைக் கீழே போட்டார்கள். போர்வை எடுக்கக்கூட விடாமல் அவனை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். சீமேயியின் பேர் ஜாடிக்குள் கிடந்ததை அதற்குப் பிறகு ஒருவரும் நினைக்கவில்லை.

அடுத்த அறுவடைக்கு வேறு இடத்தில் குழி வெட்டினார்கள். சிப்பாய்கள் அங்கேயும் நேரே வந்து நின்றார்கள். எல்லா மூட்டையையும் ஏற்றிக்கொண்டவர்கள், சீமேயியின் கழுதை மேல் இருந்ததை மட்டும் தொடவில்லை.

அன்றைக்கே யோவன்னா அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு மெனாகேம் போன பாதையில் இறங்கினாள். அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.