அப்பா பாதியில் நிறுத்திய பாட்டு

எங்கள் அப்பாவின் குரலைக் கண்டுபிடித்தது ஓர் அணில். அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய காப்பெல் என்ற ஊரில், எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா ஆசையாகத் தக்காளி வளர்த்தார். எந்தப் பழம் எந்தக் காலையில் பழுக்கும் என்பது அவரைவிட அணிலுக்கு நன்றாகத் தெரியும். வந்து, ஒரே ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். வீட்டிலும் ஆபீசிலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஒரு சனிக்கிழமை அதைக் கையும் களவுமாகப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து "ஏஏஏய்!" என்று ஒரு சத்தம் போட்டார். அணில் வாலை ஆட்டிக்கொண்டு மெதுவாகத்தான் போனது. ஆனால் பக்கத்து வீட்டு எம்ரிஸ் அங்கிள் வேகமாக வந்து கதவைத் தட்டினார்.

அம்மா பதறிப்போனாள். "போச்சு, கம்ப்ளெயின்ட் பண்ண வந்துட்டாரு. ஏங்க, நீங்களே போய் சாரி சொல்லிடுங்க."

எம்ரிஸ் அங்கிள் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது வேல்ஸ் நாட்டில். இங்கிலாந்தை ஒட்டிக்கொண்டு, மலையும் மழையும் ஆட்டு மந்தையுமாக இருக்கும் தேசம் அது. அங்கே ஆண்கள் மட்டும் கூடி நின்று பல குரல்களில் பாடுவது வழக்கமாம். அதேபோல ஒரு குழுவை எங்கள் ஊரிலும் அவர் நடத்திவந்தார். மேல்குரலுக்கு அவரிடம் ஆள் நிறைய இருந்தது. அடிக்குரலுக்குத்தான் பஞ்சம். இப்போது கத்தியது யார் என்று மட்டும் அவர் கேட்டார். அப்பா குற்றவாளியைப் போலக் கையைத் தூக்கினார். குழுவில் வந்து பாடும்படி அங்கிள் அங்கேயே கேட்டுவிட்டார்.

மறுத்துச் சொல்வதற்கு நாலு வார்த்தைக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அதனால்தான் அப்பா ஒப்புக்கொண்டார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அப்பா வேல்ஸ் மொழிப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தார். அந்த மொழியில் ஓர் எழுத்து உண்டு. நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலும் காற்றை விடவேண்டும். தமிழில் அதற்கு எழுத்தில்லை என்பதால் அப்பா அங்கெல்லாம் ஆய்த எழுத்தைப் போட்டுக்கொண்டார். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் எதற்கு இந்த எழுத்து என்று நான் கேட்டுக்கொண்டிருந்த மூன்று புள்ளிக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது. "ஏங்க, அடுப்புல குக்கரா, இல்ல நீங்களா?" என்று அம்மா மாடியிலிருந்து கேட்பாள்.

கரூரிலிருந்து அத்தை போனில் பேசியபோது, அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"வேல்ஸ் பாட்டா? அட, முருகன் பாட்டுன்னு சொல்லு! நல்லா மனசு உருகிப் பாடு கண்ணு," என்றாள் அத்தை. அப்பா திருத்தவில்லை. கச்சேரிக்கு முதல் நாள், அத்தை கோயிலில் தன் தம்பி பேருக்கு ஓர் அர்ச்சனையும் செய்துவிட்டாள்.

கச்சேரி ஒரு வசந்தகாலச் சனிக்கிழமை மாலையில், பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. அம்மா டாலஸில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். வேலை முடிந்து அங்கிருந்தே காரில் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். என்னையும் தம்பியையும் எம்ரிஸ் அங்கிளின் மனைவி முன்வரிசையில் தன்னோடு உட்காரவைத்துக்கொண்டார். மேடையில் நரைத்த தலைகளும் சிவப்பு டைகளுமாக நின்ற வரிசையின் கடைசியில், பித்தான் போடமுடியாத தன் கல்யாணக் கோட்டில் அப்பா நின்றார். வாய் அசைந்தது. குரல்தான் கேட்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். அணிலுக்குக் கொடுத்ததில் பாதியாவது எங்களுக்குக் கொடுக்கக்கூடாதா?

மூன்றாவது பாட்டின்போது ஊர் சைரன் அலறத் தொடங்கியது. டெக்சஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டொர்னேடோ என்கிற சுழல்காற்று வருவதைச் சொல்லும் சைரன் புதிதில்லை. எல்லோரும் வரிசையாக உள் நடைக்கு ஓடிச் சுவரோரம் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. எனக்கும் தம்பிக்கும் அது சினிமாவைவிடப் பிரமாதமாக இருந்தது.

கூட்டத்தில் எங்களைத் தேடிக்கொண்டு அப்பா வந்தார். போனைக் காதில் வைப்பதும், பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார்.

"வேர் இஸ் அம்மா?" என்று தம்பி கேட்டான்.

"வந்துட்டே இருக்கா."

"இன் த கார்?"

அப்பா மறுபடி போனைக் காதில் வைத்தார். வெளியே என்னவோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. தம்பியின் உதடு பிதுங்கத் தொடங்கியது. அப்போது அப்பா பாடினார்.

இருட்டில் அந்தக் குரல் தரை வழியாக வந்து என் முதுகில் ஏறியது போல இருந்தது. இரண்டாம் வரியில் எங்கோ ஒருவர் சேர்ந்துகொண்டார். பிறகு இன்னொருவர். நடையின் மறுகோடியிலிருந்து எம்ரிஸ் அங்கிளின் மெல்லிய குரல் ஏறி வந்தது. சிதறிக் கிடந்த குழு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றாகிவிட்டது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட வாயை மூடியது. பாட்டு முடிந்ததும் அப்பா விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். மறுபடியும். மறுபடியும். எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் வாசல் கதவைப் பார்த்து நின்றபடி பாடினார். மேடையில் விட்டதற்கு வட்டியும் முதலுமாகப் பாடுகிறார் என்று நினைத்தேன். பெருமை தாங்கவில்லை.

சைரன் ஓய்ந்து சற்று நேரத்தில் கதவு திறந்தது. தலையெல்லாம் நனைந்து, ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்க, அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"வழியில பெட்ரோல் போடற கேஸ் ஸ்டேஷன்ல எங்க எல்லாரையும் கூலர் ரூமுக்குள்ள போட்டு அடைச்சுட்டாங்க! பாலுக்கும் பீருக்கும் நடுவுல உக்காந்துட்டிருந்தேன். போன்ல சிக்னலே இல்ல. வெறச்சுப் போச்சு!"

அப்பா வரியின் நடுவில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. மற்றவர்கள் அவர் இல்லாமலே பாட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் போய் அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"கூலருக்குள்ள என்னத்தைங்க சாப்பிடறது!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது, அதுவும் உச்சமான இடத்தில், இவர் வரியை மறந்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாரே! காரில் வரும்போது நேராகவே சொல்லிவிட்டேன்: "அப்பா, யூ ஃபர்காட் த லைன்."

"ஆமா கண்ணு, மறந்துபோச்சு," என்றார்.

பல வருஷங்களுக்கு எங்கள் வீட்டில் அதுதான் நகைச்சுவை. யார் எதை மறந்தாலும், அப்பா பாட்டை மறந்தது போல என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பாட்டு முடிந்தால் தம்பி மறுபடியும் அம்மா எங்கே என்று கேட்பான், சொல்வதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. அவர் ஒவ்வொரு முறை முதல் வரியை எடுத்தபோதும், ஒன்ஸ்மோர் கேட்டவளைப் போல நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.