வெயிலிலும் தண்ணீர் குடித்த தராசு

பொன்முடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தராசுக்குத் திருடக் கற்றுக்கொடுத்தவன் நான். கொழுந்து கிள்ளும் பெண்களின் ஒவ்வொரு கூடையிலும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும்படி அதை அமைத்தேன். தோட்டத்தார் செய்யச் சொன்னார்கள், செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது உண்மைதான். எழுதிய கை என்னுடையது.

எண்பதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் மின்னணுக் கருவிகள் செய்யும் ஓர் அலுவலகத்தில் பொறியாளனாக இருந்தேன். தீப்பெட்டியைவிடச் சிறிய மைக்ரோகண்ட்ரோலர் சில்லு ஒன்றை வைத்துத் தராசு செய்தோம். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு எண்கள். அதற்கான புரோகிராமைக் கம்ப்யூட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக வரி வரியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வரி வழியில் சிதையாமல் வந்ததா என்று சில்லு அதைக் கூட்டிப் பார்க்கும். நியாயமான வரியா என்று பார்ப்பது அதன் வேலையில்லை. என் வேலையும் இல்லை என்று நினைத்தேன். அந்தக் கேபிளை அலுவலக வாசலுக்கு வெளியே கொண்டுபோக மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். புரோகிராமை ஒருவரும் படிக்கவில்லை.

கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போனேன். அடிவாரத்து வித்துரா தாண்டி, வளைவுகளில் வாந்தி எடுத்தேன். கம்ப்யூட்டர் நலமாக வந்து சேர்ந்தது.

தோட்டத்து மேனேஜர் டீ கொடுத்து விஷயத்துக்கு வந்தார். "சாரே, மழையில இலை நனைஞ்சு வரும். கங்காணி தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பான். உடனே பெண்ணுங்க சண்டைக்கு வரும். அத மிஷின்லயே போட்டுடுங்க. மிஷினோட ஆரு சண்டை போடும்?"

"வெயில் நாள்ல?"

"வெயிலா மழையான்னு மிஷினுக்கு எப்படித் தெரியும் சாரே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கேபிளைச் செருகி, கழித்தல் வரியையும் சேர்த்து அனுப்பினேன். கடைசி வரியும் சரியென்று பதில் வந்தது.

மேனேஜர் சொன்னபடியே நடந்தது. பழைய முள் தராசில் கங்காணி இரண்டு கிலோ கழிவு என்பார், பெண்கள் கத்துவார்கள், ஒரு கிலோவில் முடியும். இப்போது யாரிடம் கத்துவது? தொழில் தகராறைத் தீர்த்த கருவி என்று எங்கள் டைரக்டர் கூட்டத்தில் பேசினார். எனக்குச் சந்தன மாலை விழுந்தது.

கோடையில் எலி கடித்த ஒயரை மாற்ற, கம்ப்யூட்டரும் கேபிளுமாகப் போனேன். நிறுவைக் கொட்டகையில் ஒரு பெண் கூடையை வைத்துவிட்டு எண்களைப் பார்த்தாள்.

"சாரே, மழையில தண்ணி கழிச்சா ஒரு ஞாயம் இருக்கு. இந்த வெயில்லயும் ஒங்க மிஷின் தண்ணி குடிக்குதே, அதுக்கு என்ன வியாதி?"

வரிசையே சிரித்தது. என்னால் முடியவில்லை. மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் கேபிளைச் செருகி, அந்தக் கழித்தலை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். பிறகு அவளிடம் போய்ச் சொன்னேன்: "மிஷினுக்கு வியாதி இல்லம்மா. நான்தான் அப்படிப் போட்டேன். இப்ப எடுத்துட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நாளைக்கு வேற ஒரு சாரு வந்து திரும்பப் போடலாம், இல்லியா?"

வந்தார். தராசு கூடுதலாகக் காட்டுகிறது, பழுது என்று கங்காணி புகார் செய்ய, அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டது. கழித்தலை ஏன் எடுத்தாய் என்பதுதான் கேள்வி. ஏன் போட்டாய் என்று கேட்கவே இல்லை. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் உண்மையான எடையைக் காட்டியதற்காக எனக்குக் கண்டிப்பு. என் அலுவலக நண்பர் ஒருவர் அதே கேபிளோடு மலையேறிப் பழையதை அனுப்பிவிட்டு வந்தார்.

ஆனால் தராசை மாற்ற முடியும் என்று பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு எண் தராசில் ஒரு கூடையும் வைக்கமாட்டோம் என்று கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். கிள்ளிய கொழுந்து சாக்கில் கிடந்து வதங்கவே, மேனேஜர் முள் தராசை வெளியே எடுத்தார்.

பின்னொரு நாள் வித்துரா சந்தையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது எடை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்க சரி? கங்காணி ரெண்டுதான் கழிக்கான். நாங்க கத்துனா ஒண்ணைத் திருப்பித் தாரான்," என்றாள். "ஒங்க மிஷின்கிட்ட அந்த ஒண்ணு கூடக் கிடைக்கல சாரே."