மருந்தறை வாசலில் சூடத்தை அணைத்தவள்

ஆனைக்குட்டம் அணை நிரம்பி வழிந்ததும், எங்கள் தெருவுக்கு முதல் கலர் டிவி வந்ததும், எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற மருந்தறை வெடித்ததும் ஒரே வருஷம். அந்த வருஷத்தை என்னைப் போலவே மறக்காமல் வைத்திருந்த மாரித்தாய் போன வாரம் சாத்தூரில் இறந்துபோனாள். கம்பெனி வேனில் வந்து இறங்கிய பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மாரித்தாயோடு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மாரித்தாய்க்குப் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெடித்த அன்று காலையில் மருந்தறைக்குள் முதலில் போனவள் அவள். கூட்டிப் பெருக்கப் போனாள். மத்தியானம் மருந்து கலக்கிற சுடலைமுத்து உள்ளே கருகிப்போனான். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சு, தாலியறுத்தவள் கால் முதலில் பட்ட வினை என்று. முந்தின நாள் கலந்து மீந்த மருந்தை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் வெடித்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது தீபாவளி சீசன். மருந்தைச் சொன்னால் கம்பெனியை மூடுவார்கள். ஒருத்தியைச் சொன்னால் எதுவும் மூடாது.

சுடலைமுத்து வீட்டுத் துஷ்டியில், துக்கம் கேட்க வந்தவளின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் அழவில்லை.

“சித்திரையில இருந்து தினமும் நாந்தான முதல்ல போறேன். அன்னைக்கெல்லாம் வெடிக்கலையே. வெடிச்ச நாளை மட்டும் எண்ணுவீக. வெடிக்காத நாளை எவன் எண்ணுறான்?”

“பொட்டச்சிக்கு வாயப் பாரு” என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான் பதில்.

மருந்தறையை எடுத்துக் கட்டி மறுபடி திறந்தபோது, போர்மேன் மருந்தறை வாசலில் தீட்டுக் கழிக்க ஏற்பாடு செய்தார். தினமும் கேட்டில் எங்கள் மடியைத் தடவி, பீடி தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அதே கேட் வழியாகத் தட்டில் சூடமும் தீப்பெட்டியும் வந்தன. சாமிக்குக் காட்டுகிற தீ சுடாது என்று எங்களை வளர்த்திருந்தார்கள். தட்டைப் பிடித்தது வேலம்மாள், கல்யாணம் ஆன புதுசு, மஞ்சள் மாறாத கழுத்து. சூடம் பற்றியதும், ஓரமாக நின்ற மாரித்தாய் தண்ணீர் வாளியைத் தூக்கித் தட்டின் மேல் கவிழ்த்தாள்.

“ஏ மூதி, சாமி குத்தம்டி” என்றார் போர்மேன்.

“உள்ள மருந்து இருக்கு அண்ணாச்சி. அது சாமிக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அவள் வேலை போயிற்று.

மறுநாளும் அவள் கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்கு வந்தாள். உள்ளே இருந்த பெண்கள் காலி சீட்டில் சோத்துத் தூக்கை எடுத்து வைத்தார்கள். நான் இறங்கி, “ஏறு தாயி” என்றேன். அவள் ஏறினால் வண்டியை எடுக்க மாட்டேன் என்றான் டிரைவர்.

“நீ போண்ணே, உனக்கும் கூலி போகும்” என்று சொல்லிவிட்டு, சாத்தூர் பஸ்ஸுக்கு நடந்தாள். சாகிறவரை அங்கே தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸில்தான் பிழைத்தாள்.

துக்க வீட்டுக்குப் போனேன். அன்று வேனில் இடம் விடாதவர்களின் பிள்ளைகள் பெரிய மாலையோடு நிற்கிறார்கள். “தைரியமான பொம்பள” என்கிறான் ஒருத்தன். அந்தத் தைரியத்துக்குத்தானடா சோற்றைப் பிடுங்கினீர்கள் என்று கேட்டேன்.

இன்றும் எங்காவது வெடித்தால், காலையில் எவள் முகத்தில் முழித்தோம் என்றுதான் பேசுகிறார்கள். வெடிக்காத நாளை எவன் எண்ணுகிறான் என்று நான் கேட்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

அன்று அந்த வாசலில் நின்ற போர்மேன் போய்ச் சேர்ந்துவிட்டார். வேன் டிரைவரும் போய்விட்டான். அன்று அங்கே நின்றவர்களில் துக்க வீட்டுக்கு வந்தது, என்னை விட்டால், சூடத் தட்டைப் பிடித்தவள்தான். புருஷனை இன்னொரு வெடிக்குக் கொடுத்துத் தாலியறுத்த பிறகும் அவள் அதே வேலைக்குத்தான் போகிறாள். மருந்தறைக்குள் இப்போது யார் முதலில் போவது என்று துக்க வீட்டில் அவளிடம் கேட்டேன்.

“வேற யாராச்சும் போகட்டும்னு நான் வெளிய நின்னுக்கிருவேண்ணே” என்றாள் வேலம்மாள்.