ஜாமீன் தாளும் மன்னிப்புப் பாயும்

என் தம்பி டௌலா பதினான்கு வருடம் எங்கள் தீவின் தலைநகரான ஆப்பியாவுக்கு பஸ் ஓட்டினான். வயதானவர்களை நிறுத்தத்தில் இறக்கிவிட அவனுக்கு மனசு வராது, வாசலிலேயே கொண்டுபோய் விடுவான். அதற்காகச் சந்துக்குள் பஸ்ஸைத் திருப்பி எத்தனையோ வேலிகளை இடித்திருக்கிறான். கூட்டம் சேர்ந்தால் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவது எங்கள் வழக்கம். யார் யார் மடியில் என்று கண்ணாடியில் பார்த்து அவன்தான் பிரித்துவிடுவான். "அத்தை, அந்த ஒல்லிப் பையன் மேல உக்காராதீங்க, அவனுக்கு மூச்சு நின்னுடும்" என்பான். பஸ்ஸே சிரிக்கும்.

போன ஏப்ரலில் ஒரு மழைநாள் காலை, போனில் பாட்டை மாற்றக் குனிந்தான். அவ்வளவுதான். சாலையோரம் சேப்பங்கிழங்குக் கூடையோடு வந்துகொண்டிருந்த மாசோயே பஸ் மோதி அங்கேயே இறந்துபோனார். பக்கத்து ஊர்க்காரர். டௌலா ஓடவில்லை. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் வரும்வரை மழையிலேயே உட்கார்ந்திருந்தான்.

கவனக்குறைவாக ஓட்டி உயிரைப் பறித்ததாக வழக்கு. இரண்டு நாளில் ஜாமீன் கொடுத்தார்கள். இறந்தவரின் மனைவி அகெனேசேயை நெருங்கக் கூடாது, பேசக் கூடாது, மீறினால் தீர்ப்புவரை சிறை என்று தாளில் எழுதியிருந்தது.

எங்கள் முறை வேறு. தப்புச் செய்தவன் குடும்பம் விடிவதற்குள் அந்த வீட்டின் முன்னால் போய், இருப்பதிலேயே நல்ல பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மண்டியிட வேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம். போகாமல் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

எங்கள் குடும்பத் தலைவர் லெயோட்டா மாமா ஒரு வழி சொன்னார். "பாய்க்குள்ள நான் உக்காந்துக்கறேன். நீ வீட்டுல இரு."

"அடிச்சது நான். பாய்க்குள்ள நீங்களா மாமா?" என்றான் டௌலா.

"போடா கிறுக்கா, உன்னைப் பிடிச்சு உள்ள போட்டா உன் ரெண்டு பிள்ளைங்களை யார் பாப்பா? ஒழுங்கா வீட்டுல கிட" என்று நான் கத்தினேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

மறுநாள் இருட்டு பிரியும்போது மாசோயே வீட்டு முன்னால், ரோட்டோரம், அவன் பாய்க்குள் இருந்தான். மாமாவும் நானும் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்தோம். மாசோயேயின் தம்பிகள் வெட்டுக்கத்தியோடு வந்து நின்றார்கள். தூறல் விழுந்தது. பாய் நடுங்கியதைப் பார்த்தேன். வெயில் ஏறிய பிறகுதான் அகெனேசே வெளியே வந்தாள். மச்சினர்களை விலக்கிவிட்டு, இரண்டு கையாலும் பாயைத் தூக்கினாள்.

"எழுந்திரு தம்பி. நனைஞ்சு கிடக்கே. உள்ள வா, கோகோ போட்டிருக்கேன்."

யாரோ புண்ணியவான் அதைப் படமெடுத்திருக்கிறான். படம் போலீஸுக்குப் போனது. அன்று சாயங்காலமே தம்பியை உள்ளே தள்ளினார்கள்.

நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். போலீஸ்காரர் படத்தைக் காட்டி, ஜாமீனையும் மீறினான், அதற்கும் தனித் தண்டனை வேண்டும் என்றார். கூப்பிடாமலே அகெனேசே எழுந்து நீதிபதியம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"மீறினான்னு எழுதாதீங்கம்மா. அவன் என் பக்கத்துல வரல. ரோட்டோரமா குனிஞ்சு கிடந்தான். வாசல்ல இருந்து இறங்கி அவன்கிட்டப் போனது நான். பேசினதும் நான்தான். தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜாமீன் மீறலை விட்டுவிட்டார். உயிர் போனதை அப்படி விட முடியாது என்றார். பத்து மாதச் சிறை, மூன்று வருடம் வண்டியைத் தொடக் கூடாது.

தம்பியைக் கூட்டிப்போன பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். அகெனேசே வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள்.

"ஞாயித்துக்கிழமை ஜெயிலுக்குச் சாப்பாடு நான் கொண்டுபோறேன்" என்றாள். "நீ பிள்ளைங்களைப் பாரு."