நாற்காலியை எடுங்க

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துபோனார் என்ற செய்தி, பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நான் நிற்கும்போது வந்தது. பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்பில் உச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே மயங்கி விழுந்திருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் தூக்கி, டீக்கடை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சோடா தெளித்து, வண்டி வரும்வரை தலை சாயாமல் பிடித்திருந்தார்களாம். அவரையா உட்கார வைத்தார்கள்?

வீரபாண்டியில் எங்கள் பழைய கம்பெனிக்கு அவர் நர்ஸாக இருந்தபோது என்னோடு அயர்னிங் பிரிவில் வேலை செய்த எல்லோருக்கும் இந்த ஆத்திரம் புரியும். தேய்த்து மடித்த துணி பறக்கிறது என்று அங்கே ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஒரு கிருத்திகையன்று பக்கத்து டேபிள் சரசு மயங்கிச் சாய்ந்தாள். வழக்கம்போல நாற்காலிக்கு ஓடினோம். "நாற்காலியை எடுங்க" என்று அதட்டிக்கொண்டே சிஸ்டர் வந்தார். அவளைத் தரையில் கிடத்தி, கால்களைத் துணி பண்டலின் மேல் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள்.

"விரதம்னு பட்டினியா வந்து நம்ம உசுரை வாங்குறாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"விரதம் இல்லீங்க, வெக்கை" என்றார் சிஸ்டர். "சூட்டை வெளிய தள்ளறதுக்குத் தோலுக்கடியில ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சுக்குது. நின்னுட்டே இருந்தா ரத்தம் காலுக்கு இறங்கிருது. கீழ் ஊட்டுக் குழாயெல்லாம் திறந்து கிடந்தா மேல் மாடிக்குத் தண்ணி ஏறுமாங்க? தலைக்கு ரத்தம் வரட்டும்னு உடம்பே சாயுது. அதைப் போய் நிமித்தி உட்கார வெக்கறீங்க. மொதல்ல ஃபேனைப் போடுங்க."

ஃபேன் அன்று ஓடியது, மறுநாள் நின்றது. அவர் வந்து போட்டார். அணைத்தார்கள். மறுபடி போட்டார். ஷிப்மெண்ட் கெடுகிறது என்று சொல்லி அவரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஃபேனு சுத்தறதுக்குத்தானே செஞ்சிருக்காங்க, கண்ணு" என்று என்னிடம் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

உட்கார வைத்ததால்தான் இறந்தார் என்று டாக்டர் சொல்லவில்லை. இதயம் நின்றுவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். தூக்கியவர்கள் நல்ல மனசுக்காரர்கள் என்பதும் தெரியும். யாரைத் திட்டுவது என்று தெரியாததில் ஆத்திரம் இன்னும் ஏறுகிறது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நிழலே இல்லை. ஜெபம் முடிவதற்குள் அவர் மகள் கால் தள்ளாடிச் சாய்ந்தாள். நாலு பேர் நாற்காலி கேட்டார்கள். ஒருவர் கொண்டும் வந்துவிட்டார்.

"நாற்காலியை எடுங்க" என்றேன். பாதிரியாரே திரும்பிப் பார்த்தார். அவளை அந்த மண்ணிலேயே கிடத்தி, கால்களை என் தோள்மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் நிறம் வரும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அதட்டல்தான். அதை யாருக்காகவும் தணித்துக்கொள்ள மாட்டேன்.