தூணில்லாத பந்தல்

என் மேசைமேல் ஒரு பந்தல் இருக்கிறது. துடைப்பக் குச்சிகளை வில்லாக வளைத்துக் கோந்தால் ஒட்டிய பொம்மைப் பந்தல். அதற்குள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு இழை ஓடுகிறது. வீட்டுக்கு வருகிற யாராவது அந்த இழையில் கை வைக்கப் போனால் நான் போடுகிற சத்தத்தில் அவர்கள் காப்பியைச் சிந்திவிடுவார்கள்.

அதைச் செய்தவர் எங்கள் ஓவர்சியர். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரம் நகராட்சியில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அதுவரை அவர் கட்டியதெல்லாம் சாக்கடையும் பொதுக் கழிப்பிடமும்தான். திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் நிற்கிற ஊரில் இப்படி ஒரு பிழைப்பு அமைந்ததே என்று அவருக்குத் தீராத மனக்குறை. பூங்காவில் கூட்டம், கச்சேரி, கண்காட்சி நடத்த ஒரு தற்காலிகப் பந்தல் வேண்டும் என்று சேர்மன் சொன்னதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இத்தினி வருசமா நான் கட்டினதை ஜனங்க மூக்கைப் புடிச்சிக்கினு குனிஞ்சுதாம்மா பாத்தாங்க. இது ஒண்ணையாவது நிமிர்ந்து பாக்கணும்" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு டைப் அடித்தேன்.

உள்ளே ஒரு தூண்கூட இருக்கக் கூடாது என்பது அவர் திட்டம். "நடுவுல கால் இல்லாம நிக்காது சார்" என்று பந்தல்காரர் தலையைச் சொறிந்தார். மறுநாளே இந்தக் குச்சிப் பந்தல் ஆபீசுக்கு வந்தது. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, தன் டிபன் கேரியரைத் தூக்கி அதன் உச்சியில் வைத்துக் கையை எடுத்தார். கேரியர் சரிந்து வத்தக்குழம்பு கமிஷனர் அறை வாசல் வரை ஓடியது. "பந்தல் நின்னுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்கபா" என்றார். நிஜமாகவே பந்தல் நின்றது. பூங்காவில் மூங்கிலை வளைத்துக் கீற்று வேய்ந்து எழுப்பியபோதும் நின்றது.

திறப்பு விழாவன்று காலையில் தூறல். சேர்மன் வருமுன் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தால், வாசலுக்கும் மேடைக்கும் நடுவே, பந்தலின் முழு நீளத்துக்கும் இடுப்பு உயரத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப் பாவு விரைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றுமுன் தெருவில் விரித்துக் கஞ்சி தடவுவார்களே, அந்தப் பாவு. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"யார்யா அது? சுருட்டு மொதல்ல!" என்று ஓவர்சியர் பாய்ந்தார்.

"ஈரமா இருக்குது சார். இப்ப சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கினு பாழாப்போவும்" என்றாள் அந்த அம்மாள். "தெருவுல தூறல். குறுக்க ஒரு தூணுகூட இல்லாத இடம் ஊர்லயே இதான். எந்த மவராசன் கட்டினானோ, பாவுக்குன்னே கட்டியிருக்கான்."

ஓவர்சியரை அதுவரை யாரும் மகராசன் என்று சொன்னதில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "காயட்டும்மா" என்றார், ஏதோ நான்தான் சுருட்டச் சொன்னதுபோல.

சேர்மனும் தறி வீட்டில் பிறந்தவர். பாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டி, அந்தப் பெரிய உடம்பைக் குனித்து அதன் அடியில் நுழைந்தார். பின்னாலேயே கவுன்சிலர்கள் குனிந்தார்கள், நாகஸ்வரக்காரர் குனிந்தார், தவில்காரர் தவிலை உருட்டிவிட்டுத் தவழ்ந்து வந்தார். மேடைப் படியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ஆனால் நிமிர்ந்ததும் கழுத்தில் விழுந்த மாலை சேர்மனின் கண்ணை மறைத்தது. கத்தரிக்கோலை நீட்டியதும் வாங்கிக்கொண்டு, கண்ணில் பட்ட சிவப்பை நோக்கித் திரும்பினார்.

"ஐயோ, பாவு!" என்று பந்தலே அலறியது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. பாவுப் பக்கம் கத்தரிக்கோல் போனால் குலை நடுங்குகிற ஊர் அது. சேர்மன் எதையும் வெட்டாமலே பந்தல் திறக்கப்பட்டதாக அறிவித்தார்.

விழா முடியும்வரை எல்லார் கண்ணும் பாவின் மேலேயே இருந்தது. கூரையை ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அந்த இடத்தில் கான்கிரீட் மண்டபம். போன மாதம் ஒரு கச்சேரிக்குப் போய் ஒரு தூணை மட்டும் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததும் இந்தக் குச்சிப் பந்தலைத் துடைத்துவைத்தேன். பூங்காப் பந்தலைப் பிரித்த அன்று ஓவர்சியர் எனக்குக் கொடுத்தது இது. அந்த அம்மாளிடம் ஓர் இழை கேட்டு வாங்கி, குறுக்கே அவரே கட்டியிருந்தார். "ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கலியே சார்" என்றேன் மனசு கேட்காமல்.

"குனிஞ்சுதாம்மா வந்தாங்க" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "ஆனா ஒருத்தர்கூட மூக்கைப் புடிக்கலியே!"