முப்பத்தொன்றாவது துண்டு

கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலால் துளையின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார் எலும்பம்மா. கையில் இருப்பது ஒரு பின்மண்டைத் துண்டு. வெளிப்புறம் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். உட்புறம் புனலாய் விரிந்திருக்கிறது. "உள்ள அகலமா இருந்தா, குண்டு இந்த வழியாதான் நுழைஞ்சிருக்கு" என்கிறார், பேருந்து எண் சொல்லுகிற தோரணையில்.

அரசு ஆய்வகத்தின் கோடி அறையில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. குண்டு சிதறடித்த எலும்பைக் கழுவி, மணல் தட்டில் நிறுத்தி, ஒட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும். கதவுப் பலகையில் டாக்டர் பட்டம் இருக்கிறது. ஊழியர்கள் கூப்பிடுவதென்னவோ எலும்பம்மா என்றுதான். வீட்டில் தட்டு உடைந்தால் பெருக்க விடமாட்டார். "அம்மா, இது கொலை இல்ல. நான்தான் கீழ போட்டேன். வாக்குமூலம் வேணுமா?" என்பாள் மகள்.

இப்போது மேசையில் இருப்பவன் ஆறு வருடம் மண்ணுக்குள் கிடந்தவன். மண்டையோடு முப்பத்தொரு துண்டு. நெற்றியில் ஒன்று, பின்மண்டையில் ஒன்று, குண்டு நுழைந்த துளை இரண்டு. கத்தியோடு எதிரே வந்தான், நெற்றியில் சுட்டோம், சுழன்று விழும்போது அடுத்தது பின்னால் பட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் காவலர்கள். தம்பி யாரையும் வெட்டப் போகிறவன் இல்லை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் அக்கா.

முப்பது ஒட்டியான பிறகு கடைசித் துண்டு உட்காரவில்லை. முடியளவு இடைவெளி. முதல் ஒட்டில் நூலளவு தப்பினால் முடிவில் இப்படித்தான் பல்லிளிக்கும். கொஞ்சம் தேய்த்துச் செருகிவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பன்னிரண்டு நாள் உழைப்பு. எலும்பம்மா பசையைக் கரைத்து அத்தனையையும் பிரித்துவிட்டார்.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா? அந்த ஆளே வெறுத்துப்போய் எழுந்து ஓடிருவாரு மேடம்" என்றார் உதவியாளர்.

"ஓடட்டும்யா. யாரு பொய் சொல்றான்னு சொல்லிட்டு ஓடட்டும்."

இரண்டாம் முறை கடைசித் துண்டு பேசாமல் போய் உட்கார்ந்தது. பின்மண்டைத் துளையில் கிளம்பிய விரிசல் உச்சியைக் கடந்து ஓடியது. நெற்றி விரிசலோ அதைத் தொட்ட இடத்தில் நின்றுவிட்டது. ஏற்கெனவே பிளந்த இடத்தை இன்னொரு விரிசல் தாண்டாது. அப்படியானால் முதல் குண்டு பின்னாலிருந்துதான். ஆறு வருடம் மண் தின்றும் அந்தக் கோடு அழியவில்லை. உதவியாளர் எழுந்து நின்றார்.

அறிக்கை நீதிமன்றம் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா வந்தாள்.

"அவன் ஓடினான்தானே மேடம்?"

"ஓடினாரா, நின்னாரான்னு எலும்பு சொல்லாதும்மா. மொதல்ல சுட்டது பின்னாலேர்ந்து. எதிர்த்து வரும்போது இல்ல. அத எந்தக் கோர்ட்டுலயும் சொல்வேன்."

அக்கா தலையாட்டினாள். "ஒரு தடவ பாக்கலாமா?"

எலும்பம்மா அவனை மணலிலிருந்து தூக்கி, முகத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒரு கை பின்மண்டையைத் தாங்கியிருந்தது. மறு கை, காய்ச்சல் பார்ப்பதுபோல, நெற்றியின் மேல் படிந்திருந்தது.